பிரிந்த நிலமும் பிரியாத கிணறும்: கொங்கு நாட்டுப் பண்ணையங்களில் பாகப்பிரிவினையின் வரலாறு

தமிழக வேளாண்மையின் வரலாறு பெரும்பாலும் வரியின் வரலாறாகவும் பாசனத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. உழுகின்ற குடும்பம் தனக்குள் வேலையை எப்படிப் பகிர்ந்துகொண்டது, மூத்த தலைமுறையின் கையிலிருந்த நிலமும் மாடும் கிணறும் இளைய தலைமுறைக்கு எந்த ஒழுங்கில் கைமாறின என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஒரு பண்ணையம், அதாவது கொங்கு வட்டாரத்தில் ஒரு குடும்பம் நடத்தும் வேளாண் தொழில் முழுவதும், இரண்டு தலைமுறைகளைத் தாண்டி நிலைப்பது மழையையும் விலையையும் மட்டும் பொறுத்ததன்று. அண்ணன் தம்பிகள் கூடி உழைத்த விதத்தையும், கூடியிருக்க இயலாத நாள் வந்தபோது அவர்கள் பிரிந்த விதத்தையும் அது பொறுத்திருந்தது. இதை ஆராய்வதற்குக் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாடு ஏற்ற களமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த இந்நிலப்பகுதியில், பவானி, நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகளை ஒட்டிய வயல்கள் நீங்கலாக, பெரும்பரப்பில் வேளாண்மை கிணற்றை நம்பியே நடந்தது. நிலத்துக்குப் பொழி, அதாவது எல்லை வரப்பு, போட்டுப் பிரித்துவிடலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. இக்குடும்பங்களின் வாரிசு ஏற்பாடுகள் யாவும் இந்த முடிச்சைச் சுற்றியே வளர்ந்தன.

நிலம் பொதுவில் இருப்பதும் தனித்தனியே பிரிந்து கிடப்பதும் தமிழகத்தில் மிகப் பழைய காலத்திலிருந்தே அருகருகே நிலவிய முறைகள். திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு ஆராய்ந்த ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா, பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியாருக்கு உரிய நிலம் மிகுந்திருந்ததையும், அல்லூரில் ஊரார் கூட்டாக நிலம் வைத்திருந்ததையும் எடுத்துக்காட்டினார். பின்னாளில் சென்னை மாகாணத்து அதிகாரியாகப் பணியாற்றிய எல்லிஸ், மிராசு என்னும் பரம்பரை நில உரிமை குறித்து 1818-இல் வெளியான தம் விடைகளில், தொண்டை மண்டலத்து ஊர்களில் பசுங்கரை, அறுதிக்கரை என இரு வகை இருந்ததை விளக்கினார். பசுங்கரையில் பங்குக்காரர்கள் நிலத்தைப் பொதுவில் வைத்துக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை தங்களுக்குள் மாற்றிக்கொள்வர். அறுதிக்கரையில் நிலம் ஒரே முறையாகப் பிரிக்கப்பட்டு அவரவருக்கு நிலைத்துவிடும். மாற்றிக்கொள்ளும் அம்முறைக்குக் கரையீடு என்று பெயர். நல்ல நிலம் ஒருவருக்கே என்றும் உரியதாகிவிடக் கூடாது என்பது அதன் உட்கருத்து. பிரிட்டிஷ் அதிகாரி மன்றோவின் முயற்சியால் பரவிய ரயத்துவாரி முறை, ஒவ்வொரு புலத்தையும் அளந்து, ஒவ்வொருவர் பெயரிலும் பட்டா எழுதி, அரசுக்கும் உழவருக்கும் நேரடித் தொடர்பை ஏற்படுத்தியபோது கரையீடு மெல்ல மறைந்தது.

கொங்கு நாட்டில் ஊர்க்கூட்டு வலுவாக இல்லை. அங்கே வேளாண்மையின் அலகு தோட்டமும் அதன் நடுவே நின்ற சாளையும் ஆகும். சாளை என்பது நிலத்திலேயே கட்டிக்கொண்ட பண்ணை வீடு. மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலம் காடு என்றும், கிணற்றுப் பாசனமுள்ளது தோட்டம் என்றும், ஆற்று நீரோ வாய்க்கால் நீரோ பாய்வது வயல் என்றும் வழங்கப்பட்டன. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் காட்டில் சோளமும் கம்பும், தோட்டத்தில் ராகியும் பருத்தியும் புகையிலையும் விளைந்தன. இவற்றுக்கு ஆள் போதுமானதாக இருக்க வேண்டுமென்றால் மணமான மகன்கள் ஒரே அடுப்பில் உண்டு, ஒரே கட்டுத்தரையில் மாடு கட்டி உழைக்க வேண்டியிருந்தது. மூத்தவர் வரவு செலவையும் சந்தையையும் பார்த்தார். இளையவர்களுள் ஒருவர் கவலை, அதாவது மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் ஏற்றம், ஓட்டினார், மற்றொருவர் காட்டு உழவைக் கவனித்தார். களையெடுப்பு, பருத்தி எடுப்பு, பால், கட்டுத்தரை ஆகியவை பெண்களின் பொறுப்பில் இருந்தன. இந்த வேலைப் பகிர்வு எங்கும் எழுதப்பட்டதில்லை. அதனாலேயே பங்கு வைக்கும் நாளில் யார் எவ்வளவு உழைத்தார் என்ற வழக்கு எழுந்தால், அதற்குச் சான்று எதுவும் இருப்பதில்லை. எல்லாருக்கும் சமம் என்ற விதிதான் அந்த வழக்கை முளையிலேயே தவிர்த்தது.

அந்தச் சமத்துவத்துக்குச் சாத்திர ஆதாரமும் காட்டப்பட்டது. சாளுக்கியர் அரசவையோடு தொடர்புடைய விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய மிதாட்சரம் என்னும் உரை, பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு என்று வகுத்தது. தந்தை அச்சொத்தின் நிருவாகியே தவிர, விருப்பம்போல் கொடுக்கவோ மறுக்கவோ உரிமையுள்ள முழு உடைமையாளர் அல்லர். பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் இந்த உரையையும் அதைத் தழுவிய தென்னாட்டு நூல்களையும் எல்லாச் சாதியாருக்கும் பொதுவாகப் பொருத்தின. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய நெல்சன், 1877-இல் வெளியிட்ட நூலில் இதை வன்மையாக மறுத்து, சமஸ்கிருத நூல்களை அறியாத பெரும்பான்மைத் தமிழ்க் குடிகளை அவரவர் வழக்காற்றின்படியே ஆள வேண்டும் என்று வாதிட்டார். அவருடைய வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் கொங்கு நாட்டின் பங்கு வழக்கங்கள் அன்றே தொகுத்து எழுதப்பட்டிருக்கும். அந்த வாய்ப்பு தவறியது தமிழ்ச் சமூக வரலாற்றுக்குப் பெரிய இழப்பே.

கூட்டுக் குடும்பம் எப்போது பிரிந்ததாகக் கொள்ளப்படும் என்ற கேள்விக்கு விடை தந்ததும் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வழக்கொன்றுதான். அப்போவியர், ராம சுப்பையன் ஆகியோருக்கு இடையிலான வழக்கில் 1866-இல் தீர்ப்பளித்த லண்டன் ப்ரிவி கவுன்சில், நிலத்தை அளந்து கல் நடாவிட்டாலும், குடும்பத்தினர் தத்தம் பங்கு இவ்வளவு என்று வரையறுத்து ஒப்புக்கொண்ட அக்கணமே கூட்டு நிலை முடிந்துவிடுகிறது என்று கூறியது. பங்கு நிர்ணயமாவது ஒரு நிகழ்ச்சி, நிலம் துண்டாவது மற்றொரு நிகழ்ச்சி. முதலாவது நடந்த பின்னும் இரண்டாவதைத் தள்ளிப்போடலாம், சிலவற்றில் தவிர்த்தே விடலாம். சட்டம் நுட்பமாகச் சொன்ன இந்த வேறுபாட்டைக் கொங்குக் குடும்பங்கள் நடைமுறையில் கடைப்பிடித்தன. அவர்கள் செய்த ஏற்பாடுகளின் சிறப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பாகம் பிரிப்பது பெரும்பாலும் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே, கடைசி மகனின் திருமணத்தை ஒட்டி நடந்தது. ஊர்ப் பெரியவர்களும், இரு பக்கமும் சாயாத மாமன் மச்சான் உறவினர்களும் உடனிருக்க, நிலம் முழுவதும் நடந்து பார்க்கப்படும். பங்காளிகள், அதாவது தந்தைவழி உறவினர், தாமே பிற்காலத்தில் அடுத்த காட்டுக்காரர்களாக இருப்பவர்கள் என்பதால் அவர்களை நடுவராக வைப்பதில் தயக்கம் இருந்தது. பரப்பை மட்டும் கணக்கிடாமல், செம்மண்ணா கரிசலா, மேடா பள்ளமா, கிணற்றுக்கு எவ்வளவு தொலைவு என்பவற்றையெல்லாம் எடைபோட்டு, ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் காடும் கொஞ்சம் தோட்டமும் சேருமாறு கூறு வைக்கப்பட்டது. பின்னர் மூத்தவர் கூறு வைக்க இளையவர் முதலில் எடுக்கும் முறையோ, திருவுளச்சீட்டு போட்டு எடுக்கும் முறையோ கையாளப்பட்டது. கூறு வைப்பவர் கடைசியில் எடுக்க வேண்டியவர் என்பதால், எந்தக் கூறும் மற்றொன்றைவிட இளைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய சொந்த நலனாகவே ஆகிவிடுகிறது. வண்டி, எருது, செக்கு போன்று வெட்டிப் பிரிக்க முடியாதவற்றுக்கு விலை மதித்து, எடுத்துக்கொண்டவர் மற்றவர்களுக்குப் பணமாக ஈடு செய்தார். பெற்றோர் தங்கள் பிழைப்புக்கென ஒரு பகுதியை நிறுத்திக்கொள்வதும், பழைய வீடு பெரும்பாலும் அவர்களோடு தங்கும் இளைய மகனுக்குச் சேர்வதும் வழக்கம். முடிவுகள் கூர்ச்சீட்டு எனப்பட்ட தாளில் எழுதப்பட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ இடப்பட்டன. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ், நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் பத்திரம் பதிவாகாவிட்டால் அது உரிமைக்குச் சான்றாகாது. ஆனால் முன்பே வாய்மொழியாக நடந்து முடிந்த பாகத்தை நினைவுக்காகக் குறித்துவைத்த சீட்டுக்கு அந்தக் கட்டாயமில்லை. ஒரு கூர்ச்சீட்டு இவற்றுள் எந்த வகை என்பதைக் குறித்தே தமிழக நீதிமன்றங்களில் எண்ணற்ற வழக்குகள் நடந்திருக்கின்றன.

கிணறு இந்தப் பிரிவுக்குள் அடங்கவில்லை. 1800-இல் இப்பகுதி வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் தோல் சாலால் மாடு கட்டி நீர் இறைக்கும் முறையைப் பதிவு செய்திருக்கிறார். மின்சாரம் வரும் வரையில் அதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. கிணற்றின் விளிம்பிலிருந்து வெளியே சரிந்து செல்லும் வாரியில் ஒரு சோடி எருது இறங்கும்போது, உருளை மேல் ஓடும் வடம் சாலை மேலே இழுக்கும்; சாலின் அடியில் தைக்கப்பட்ட தும்பி என்னும் தோல் குழாய், வால்கயிற்றின் இழுப்பில் தொட்டியை நோக்கி நீண்டு நீரைக் கொட்டும்; எருதுகள் பின்னோக்கி வாரியில் ஏறும்போது சால் மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கும். இந்தக் கவலை ஏற்றத்தில் பொழுது விடிவதற்கு முன் தொடங்கி எருது களைக்கும் வரை இறைத்தால்தான் ஒரு சிறு பரப்புக்கு நீர் பாயும். கெட்டிப் பாறையை வெட்டி ஆழமாக இறக்கிய அத்தகைய கிணறு ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதையும் விழுங்கிய முதலீடு. மூன்று மகன்களுக்கு மூன்று கிணறு வெட்டுவது எந்த நடுத்தரக் குடும்பத்தாலும் இயலாதது.

ஆகவே கிணறு பொதுவில் நின்றது, நீர் முறையாகப் பிரிந்தது. நான்கு சகோதரர்கள் எனில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு, அதாவது நான்கு நாளுக்கு ஒரு நாள் முறை. அவர்களுள் ஒருவருக்கு இரண்டு மகன்களும் மற்றொருவருக்கு மூன்று மகன்களும் இருந்தால், அடுத்த தலைமுறையில் அந்தக் கால் பங்கு எட்டில் ஒன்றாகவும் பன்னிரண்டில் ஒன்றாகவும் பிரியும். எட்டில் ஒன்றுக்கு உரியவருக்கு எட்டு நாளுக்கு ஒரு நாளோ, நான்காம் நாளில் அரை நாளோ முறை வரும். தூர் வாரும் செலவும், கோடையில் ஆழப்படுத்தும் செலவும் இதே பின்னப்படி பகிரப்பட்டன. பெரிய கிணறுகளில் இரண்டு, நான்கு என வாரிகள் அமைத்து ஒரே நாளில் பலர் இறைப்பதும் உண்டு. கொங்குப் பகுதிப் பத்திரங்களின் சொத்து விவரத்தைப் படிப்பவருக்கு இந்த ஏற்பாடு அப்படியே கண்ணில் படும்: நிலத்தின் புல எண்ணும் நான்கெல்லையும் ஏக்கர் கணக்கும் முடிந்த பிறகு, கிணற்றில் பொதுவில் இத்தனை பங்கு, வாரியும் வாய்க்காலும் அனுபவிக்கும் பாத்தியம், போக வர மாமூல் வண்டித்தடம் என்று ஒரு பத்தி தொடரும். பாத்தியம் என்பது உரிமை. மாமூல் தடம் என்பது நெடுங்காலமாகப் பழகிவந்த வழி. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் இந்த வழக்கத்துக்குத் துணை நின்றது. கூட்டுச் சொத்து பாகமாகும்போது, ஒருவர் தம் பங்கை அனுபவிக்க மற்றவர் பங்கின் மேல் வழியோ நீரோட்டமோ இன்றியமையாததாக இருந்தால், பத்திரத்தில் எழுதப்படாவிட்டாலும் அந்த உரிமை அவருக்கு உண்டு என்று அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது. பேச்சுவார்த்தை அறவே நின்றுபோன சகோதரர்கள்கூட முறை நாளை மீறாமல் ஒரே கிணற்றில் ஆண்டுக்கணக்கில் இறைத்தார்கள் எனில், அன்பைக் காட்டிலும் உறுதியான ஓர் ஒழுங்கு அங்கே இருந்தது என்பதே பொருள்.

கொறங்காடும் இத்தகையதே. காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் கிளுவை முள்வேலி போட்டு அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, காங்கயம் இன மாடுகளுக்கும் செம்மறி ஆடுகளுக்கும் மேய்ச்சலாகப் பாதுகாக்கப்படும் தனியார் நிலம் கொறங்காடு எனப்படும். ஒன்றில் மேய்ந்து தீரும்போது மற்றொன்றில் புல் தழைக்க வேண்டுமாதலால், மாற்றி மாற்றி மேய்ப்பதற்குப் போதிய பரப்பு அதற்குத் தேவை. அதைச் சரிபாதியாக வெட்டி நடுவே வேலி போட்டால் இரு பாதியும் மேய்ச்சலுக்கு உதவாமல் போகும் என்பதை அறிந்த குடும்பங்கள் அதைப் பிரிக்காமல் விட்டன, அல்லது ஒரே பங்கில் சேர்த்துவிட்டு மற்ற பங்குகளில் தோட்டத்தைக் கூட்டின. அறியாத இடங்களில் வேலி அழிந்து நிலம் மனைகளாயிற்று.

இந்த ஒழுங்கைப் போற்றும்போது அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை மறப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கூலிக்குக் கவலை ஓட்டியவர்களிலும், சாலுக்கும் தும்பிக்கும் தோல் தைத்துக் கொடுத்தவர்களிலும் பெரும்பாலோர் அருந்ததியர் குடும்பங்களைச் சேர்ந்த பண்ணையாட்கள். ஆண்டுக் கூலியாகத் தானியம் பெற்று, தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையத்தில் உழைத்தவர்கள். சகோதரர்கள் பிரிந்தபோது நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து இவர்களையும் இன்னார் பக்கம் என்று ஒதுக்கினார்களே தவிர, அவர்களுடைய உழைப்பால் ஆழமான கிணற்றில் அவர்களுக்கு ஒரு நாள் முறைகூட எழுதப்படவில்லை.

குடும்பத்துக்குள்ளேயே பெண்ணுக்கும் பங்கில்லை. கணவனை இழந்தவர் கூட்டுக் குடும்பத்தில் சோற்றுக்கும் துணிக்கும் மட்டுமே உரியவராக இருந்தார். கணவருடைய பங்கு அவருடைய சகோதரர்களிடம் சென்று சேர்ந்தது. 1937-ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவரின் பங்கைக் கைம்பெண் தம் ஆயுள்வரை அனுபவிக்க வகை செய்தது. ஆனால் வேளாண் நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் அச்சட்டம் நிலத்துக்குச் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941-இல் கூறிவிட்டது. அடுத்த ஆண்டு, 1942-இல், ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் வெளிவந்தது. கொங்கு நாட்டுக் கைம்பெண் ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பாகம் கேட்பதும், அது கொலையில் முடிவதுமே அதன் கதை. வட்டார நாவலுக்கு முன்னோடி என்று பாராட்டப்படும் அந்நூலை நில வரலாற்றின் ஆவணமாகவும் வாசிக்க வேண்டும்: அவள் கேட்ட பங்கைக் கொடுக்கச் சென்னை மாகாணத்தில் அன்று சட்டமே இல்லை. வேளாண் நிலத்துக்கும் அவ்வுரிமையை விரிவாக்கும் மாகாணச் சட்டம் 1947-இல்தான் இயற்றப்பட்டது.

நிலம் துண்டாவதைக் குறித்து அரசு கொண்ட கவலை வேறு திசையில் சென்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கொண்டு 1916-இல் நடத்திய கிராம ஆய்வுகள், பிற்கால மறு ஆய்வுகளோடு ஒப்பிட்டு நிலவுடைமையின் மாற்றத்தை அறிய உதவின. 1928-இல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான அரச ஆணையம், உடைமை தலைமுறைதோறும் சிறுத்துப்போவதையும், ஒருவருடைய நிலமே பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதையும் இரு வேறு கேடுகளாகப் பிரித்துக் காட்டியது. பம்பாய் மாகாணம் 1947-இல் துண்டாடலைத் தடுத்து நிலத்தை ஒருங்கிணைக்கும் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு அத்தகைய சட்டத்தை இயற்றவில்லை. அந்த முடிவு தவறென்று சொல்வதற்கில்லை. காட்டில் ஒரு துண்டும் தோட்டத்தில் ஒரு துண்டுமாக வைத்திருந்த குடும்பம் மழை பொய்த்த ஆண்டில் தோட்டத்தாலும், கிணறு வற்றிய ஆண்டில் காட்டாலும் பிழைத்தது. ஆணையம் கேடென்று கண்ட சிதறல் உழவனின் காப்பீடாகவும் இருந்தது. ஒரே வாரிசுக்கு முழுச் சொத்தும் சேரும் முறை தமிழகத்தில் இல்லாமலும் இல்லை. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் பாகமாகாத ஜமீன்களைப் பாதுகாத்தது. துண்டாகாமல் காக்கப்பட்ட அந்த எஸ்டேட்டுகள் 1948-ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தன. உழவர் பண்ணையங்களோ பிரிந்து பிரிந்தே தொடர்ந்தன. குடும்பம் ஒன்றுக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என 1961-இலும், 15 தர ஏக்கர் என 1970-இலும் விதிக்கப்பட்ட உச்சவரம்பு, பெரிய உடைமையாளர் பலரை அவசரப் பாகப்பிரிவினைக்குத் தூண்டியது. தாளில் பிரிந்து தரையில் பிரியாத அந்தப் பாகங்கள் பிற்காலத்து வாரிசுகளுக்குக் குழப்பத்தையே விட்டுச்சென்றன.

கிணற்று முறையின் அடித்தளத்தை அசைத்தது சட்டமன்று, மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிய பின்னர் கோவை மாவட்டத்துக் கிணறுகளுக்கு மின் மோட்டார் வந்தது. தொடக்கத்தில் பங்குதாரர்கள் கூட்டாக ஒரு மோட்டார் வைத்து, அதே முறை நாளில் இறைத்தனர்; பத்திரங்களில் கவலை வாரி இருந்த இடத்தில் மின் மோட்டார் பம்ப்செட்டும் சர்வீஸ் நம்பரும் ஏறின. ஆனால் மின் இணைப்பு ஒருவர் பெயரில்தான் இருந்தது. கட்டணம் கட்டாதவர், காயில் எரிந்தபோது பழுதுபார்க்கப் பணம் தராதவர் என்று புதிய பிணக்குகள் முளைத்தன. எருது ஒரு நாளில் இறைக்கும் நீருக்கு ஓர் எல்லை இருந்தது. மோட்டாரோ சில மணி நேரத்தில் கிணற்றைக் காயவைத்து, மறுநாள் முறைக்காரருக்குச் சேற்றை விட்டுவைக்கும் ஆற்றல் உடையது. நாள் கணக்கில் அமைந்த பழைய முறை இதற்கு ஈடுகொடுக்கவில்லை. அடுத்து வந்த ஆழ்துளைக் கிணறு, கூட்டு என்ற தேவையையே நீக்கிவிட்டது. ஆளுக்கொரு போர் போட்ட சகோதரர்கள் தரைக்கு மேலே எவருக்கும் கடமைப்படாதவர்களானார்கள். தரைக்குக் கீழே ஒரே நீரை ஒருவரையொருவர் முந்தி உறிஞ்சினார்கள். அண்ணன் 600 அடி இறக்கினால் தம்பி 800 அடி இறக்க வேண்டியதாயிற்று. பழைய திறந்த கிணறுகள் வறண்டன. நிலத்தடி நீருக்கு நாலில் ஒரு பங்கு என்று எழுதும் பத்திரம் இன்றுவரை எவராலும் எழுதப்படவில்லை.

கூடி உழைக்கும் பழக்கம் முற்றாக அழிந்துவிடவில்லை. அது தொழிலை மாற்றிக்கொண்டது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து 2004-இல் நூல் வெளியிட்ட சரத் சாரி, வேளாண் குடும்பத்தில் பிறந்து கூலித் தொழிலாளராக நகருக்கு வந்தவர்கள் சகோதரர்களையும் உறவினர்களையும் கூட்டாளிகளாகக் கொண்டு நிறுவனங்களை வளர்த்த வரலாற்றை விளக்கியுள்ளார். ஒருவர் பின்னல் எந்திரத்தையும் ஒருவர் கணக்கையும் பார்த்துக்கொள்வது பண்ணையத்தில் பழகிய பகிர்வின் தொடர்ச்சி. தோட்டத்திலிருந்து இளைய கைகள் விலகியதும் அதே காலத்தில்தான். வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின், அதாவது ஒருவர் சாகுபடி செய்யும் நில அலகின், சராசரிப் பரப்பு 1970-71-இல் 1.45 ஹெக்டேராக இருந்தது. 2015-16-இல் அது 0.75 ஹெக்டேராகக் குறைந்தது.

மகள்களின் உரிமை இந்தப் பின்னணியில்தான் வந்தது, காலம் கடந்தே வந்தது. 12 ஏக்கர் பூர்வீக நிலமுள்ள தந்தைக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று கொண்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையும் இரு மகன்களும் ஆளுக்கு 4 ஏக்கருக்கு உரியவர்கள்; தந்தை உயிலின்றி இறந்தால் அவருடைய 4 ஏக்கர் மட்டும் மனைவி, மகன்கள், மகள் என நால்வருக்கும் பிரிந்து, மகளுக்கு 1 ஏக்கர் கிடைக்கும். 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்நாளுக்கு முன் மணமாகாத மகளை மகனுக்கு நிகரான பங்காளியாக்கியது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மணமானவருக்கும் அவ்வுரிமையை அளித்தது. தந்தை 2005-இல் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. இப்போது அதே 12 ஏக்கரில் மகளுக்கு உரியது மூன்றே முக்கால் ஏக்கர், அதாவது மகன்களுக்குச் சமம். நடைமுறையில், சீரும் நகையும் செய்தாயிற்று என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில், அதாவது தம் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணத்தில், சகோதரிகளிடம் கையெழுத்து வாங்குவது இன்றும் பரவலாக இருக்கிறது. மகளுக்குப் பங்கு கொடுத்தால் நிலம் துண்டாகும் என்று இதற்குச் சொல்லப்படும் காரணம் பொருந்தாது. மகன்களுக்குள் பிரிந்தபோது துண்டாவதைத் தாங்கிய நிலம் மகளுக்குப் பிரியும்போது மட்டும் தாங்காது என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

அந்நியர் கைக்கு நிலம் போய்விடும் என்ற அச்சத்துக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டமே விடை வைத்திருக்கிறது. அதன் 22-ஆம் பிரிவின்படி, உடன்வாரிசு ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால் மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு. இது வேளாண் நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது. தமிழருக்கு இது புதிய கருத்தன்று. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் 1707-இல் தொகுத்த தேசவழமை, நிலத்தை விற்பவர் முதலில் உடன்பங்காளருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. 1947-ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டம் அந்த முன்கொள்வனவு உரிமையை ஒழுங்குபடுத்திப் பேணியது. அந்தத் தேசவழமையில் பெண்ணுக்குச் சீதனமாக நிலமும் சேர்ந்தது.

பெற்றோரின் அச்சம் வேறு. எழுதிக் கொடுத்துவிட்டால் தங்களைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்குமா என்பது அது. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழிசெய்கிறது. நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் அதை நிறுவுவது எளிது. ஆகையால் இன்று பாகம் எழுதும் குடும்பங்கள் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே, மகள்களையும் உடன் அமர்த்தி, அவர்கள் முழுச் சம்மதத்தோடு எழுதிப் பதிவு செய்வது நல்லது. எழுதும்போது ஏக்கரோடு நிறுத்திவிடலாகாது. இணையத்தில் கிடைக்கும் சிட்டா உரிமையாளர் பெயரையும் புல எண்ணையும் பரப்பையும் தீர்வையையும் காட்டும். கிணற்றில் எத்தனை பங்கு, எந்த இட்டேரி, அதாவது வேலிகளுக்கு இடையிலான தடம், வழியே வண்டி போகலாம், மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது, அதை யாரெல்லாம் அனுபவிக்கலாம் என்பவற்றைக் காட்டாது. அவை பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதப்பட்டால்தான் அடுத்த தலைமுறைக்குத் தெரியவரும்.